குச்சியில் ஏறிய ஆயில்

எனக்கு யார் மேலும் லேசில் நம்பிக்கை வராது. ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பேன். காய்கறி நிறுக்கிறவன் தராசில் கை வைத்திருந்தால் கையை எடு என்பேன். பூட்டின கதவைத் திரும்ப வந்து ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பியதில்லை. இப்படித் திரும்பி வந்தே உங்கள் ஆயுசில் பாதி போய்விட்டது என்பாள் என் வீட்டுக்காரி. போகட்டும். எங்கள் கதவு ஒரு நாளும் திறந்து கிடந்ததில்லை.

என் ஜீப்பும் அந்தக் கணக்கில்தான். அதை வாங்கியபோது நான் கம்பி வேலி போடும் தொழிலில் இருந்தேன். ரோடு முடிகிற இடத்தில்தான் எங்கள் வேலை ஆரம்பிக்கும். கல்தூணும் கம்பிச் சுருளும் ஏற்றிக்கொண்டு ஓடை, மணல், கரடு எல்லாம் ஏறி இறங்கின வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். டீசல் எஞ்சின். ஏசி கிடையாது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பின்கதவு இரண்டாவது அடிக்குத்தான் மூடும். தொழிலை விட்ட பிறகும் வண்டியை நான் விடவில்லை. பாசம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காரணம் என் வீட்டுக்காரியின் முழங்கால்.

அவளுடைய வலது முழங்கால் மடங்காது. ஆபரேஷன் செய்தார்கள். வலி போனது, கூடவே மடங்குவதும் போனது. இப்போது வருகிற கார்களில் ஏறுவது அவளுக்குக் கிணற்றில் இறங்குகிற மாதிரி. பஸ்ஸில் முன்சீட்டின் முதுகு இடிக்கும். ஜீப்பின் முன்சீட் மட்டும் அவள் இடுப்பு உயரத்துக்குச் சரியாக வரும். முதுகைக் காட்டி நிற்பாள், அப்படியே சாய்ந்து உட்காருவாள், நீட்டின கால் நீட்டினபடியே உள்ளே திரும்பிக்கொள்வாள். அதற்காக அந்தச் சீட்டை ஒரு ஜாண் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். வெல்டிங் வைத்தவன் சரியாக வைத்தானா என்று அதன் மேல் ஏறிக் குதித்தும் பார்த்தேன். இந்த வண்டி இருக்கிற வரைக்கும் அவள் ஊர் உலகம் பார்ப்பாள். இல்லையென்றால் வீட்டு வாசலோடு சரி.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி மேட்டு நிலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். வழியில் இரண்டு ராத்திரி தங்கித்தான் போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை போவோம். போன வருஷம் நடுவழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. மாற்றுப் பெல்ட் கையில் வைத்திருந்தேன், ஆனால் அளவு தவறு. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். மர நிழல்கூட இல்லாத இடத்தில் இழுவை லாரி வருகிற வரைக்கும் நின்றோம். என் வீட்டுக்காரி வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள்.

இந்த வருஷம் கிளம்புகிறோம் என்று போனில் சொன்னதும் மகள் கறாராகப் பேசினாள்.

“அப்பா, தெளிவா சொல்லிடறேன். இந்தத் தடவையும் நடுவழியில நின்னு, எவனையாவது கூப்பிட்டு இழுத்துக்கிட்டு வந்தீங்கன்னா, அந்த வண்டி அத்தோட சரி. பழைய இரும்புக்குப் போட்டுடணும்.”

“நிக்காது.”

“போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க.”

“போன தடவை பெல்ட் கடைக்காரன் ஏமாத்திட்டான்.”

“யாரு மேல தப்புன்னு நான் கேக்கலப்பா. அம்மா கீழ விழுந்தாங்களே, அதைச் சொல்றேன்.”

“சரி” என்றேன்.

“சரின்னா? நின்னா குடுத்துடுவீங்களா?”

“குடுத்துடறேன்.”

“போனை அம்மாகிட்ட குடுங்க.”

நான் சொன்னதை அவள் அம்மாவிடம் ஒரு தடவை சொல்லி, சாட்சி வைத்துக்கொண்டாள். என் மகள்தானே. அவளும் யாரையும் நம்ப மாட்டாள்.

இந்தப் பயணத்தில் எங்கள் சம்பந்தியும் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அப்பா. எங்கள் ஊரிலேயே, இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்தார். சம்பந்தியம்மா தவறிய பிறகு தனியாகக் கிடக்க வேண்டாம் என்று மகன் கூப்பிட்டுவிட்டான். ஒல்லியான மனிதர். எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டை, அவரே தைத்தது, ஒரு புள்ளி அழுக்கு இருக்காது. எனக்கு நேர் எதிர். எல்லாரையும் நம்புவார். வழி கேட்டவனுக்குக் கூடவே நடந்து போய்க் காட்டிவிட்டு வருவார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் யாரையும் நம்ப மாட்டார். அது அவருடைய தையல் மெஷின். லாரியில் அனுப்பலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். “அது என்கூடத்தான் வரும்” என்று ஒரே பிடியாக இருந்தார்.

அதைப் போர்வையில் சுற்றி, ஜீப்பின் பின்னால் நிற்க வைத்து, வேலிக் கம்பியால் நான் இழுத்துக் கட்டினேன். கட்டின கம்பியை விரலால் தட்டிச் சத்தம் கேட்டேன். சரியான இழுப்பு என்றால் கம்பி ‘டங்’ என்று சொல்லும்.

அவர் ஜீப்பின் போனட்டைத் தடவிக் கொடுத்தார். “நல்ல மெஷின், சம்பந்தி. சத்தத்துலயே தெரியுது.”

“மெஷின் இல்ல, வண்டி.”

“ஓடற எல்லாம் மெஷின்தான். எண்ணெய் எல்லாம் விட்டாச்சா?”

“ஆயில் போன வாரம்தான் மாத்தினேன்.”

“இல்ல, தினம் எத்தனை தடவை விடுவீங்க?”

“தினமா? மாசக்கணக்குல ஒரு தடவை மாத்தினா போதும்.”

“மாசக்கணக்குலயா?” என்றார். பெற்ற பிள்ளைக்கு மாசத்துக்கு ஒரு தடவைதான் சோறு போடுகிறேன் என்று நான் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன். போனட்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது” என்றேன். அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை வெளிச்சத்தில் கிளம்பினோம். என் வீட்டுக்காரி காலை நீட்டிக்கொண்டு, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, எதிரே வருகிற எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாலம், செங்கல் சூளை, கூட்டமாகப் போகிற ஆடு. பின்சீட்டில் சம்பந்தி ஒரு கையை மெஷின் மேல் போட்டுக்கொண்டு அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பெட்ரோல் பங்கில் நான் டீசல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்துக் கடையில் ஏதோ வாங்கி, துண்டில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார். பிஸ்கட் என்று நினைத்தேன்.

எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு குச்சி உண்டு. தட்டையான இரும்புக் குச்சி. அதை உருவித் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு எடுத்தால் ஆயில் எது வரைக்கும் நனைத்திருக்கிறது என்று தெரியும். கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, அந்தக் குச்சியைப் பார்க்காமல் நான் சாவி போட மாட்டேன்.

இரண்டாம் நாள் காலையில் லாட்ஜ் வாசலில் குச்சியை உருவினேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது.

வண்டி சரிவில் நிற்கிறது என்று நினைத்து, சமமான இடத்துக்குத் தள்ளி, காத்திருந்து திரும்பப் பார்த்தேன். அதே அளவு.

பழைய வண்டியில் ஆயில் குறையும். குறைந்தால் வயசாகிறது, கொஞ்சம் ஊற்றினால் ஆயிற்று. ஆனால் ஆயில் கூடவே கூடாது. கூடினால் அது வியாதி. எங்கேயோ ஓட்டை விழுந்து, ரேடியேட்டர் தண்ணீரோ டீசலோ உள்ளே இறங்குகிறது. எங்கள் தொழிலில் கல் லாரி வைத்திருந்த ஒருவன், இனிமேல் ஆயிலே வாங்க வேண்டாம், தானாகவே ஊறுகிறது என்று சொல்லிச் சிரித்தான். அந்த வாரமே அவன் எஞ்சின் வெடித்துத் துண்டு துண்டாக வந்தது.

குச்சியில் இருந்ததை விரலில் தேய்த்தேன். தண்ணீர் கலந்தால் பால் மாதிரி வெளுக்கும். வெளுக்கவில்லை. அப்படியென்றால் டீசல். முகர்ந்து பார்த்தேன். என் கையில் எப்போதும் டீசல் வாடைதான், அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது. குச்சியைத் துடைத்து உள்ளே சொருகினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பூராவும் காதால்தான் வண்டி ஓட்டினேன். ரோட்டைப் பார்த்தேனோ இல்லையோ, எஞ்சினின் ஒவ்வொரு முனகலையும் கேட்டேன். இல்லாத சத்தமெல்லாம் கேட்டது.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள் என் வீட்டுக்காரி.

“எப்பவும் இருக்கற மூஞ்சிதான்.”

“எப்பவும் இருக்கறது எனக்குத் தெரியாதா? இது அதுக்கு மேல ஒன்னு.”

“வெயில்.”

பின்னால் இருந்து சம்பந்தி, “வண்டி என்னமா போகுது, சம்பந்தி. தண்ணியில போற மாதிரி இருக்கு” என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினேன். மெஷின் கட்டியிருந்த கம்பி ‘டங்’ என்றது. “பாத்தீங்களா, அதுவும் ஆமாங்குது” என்றார் அவர்.

மத்தியானம் ரோட்டோரக் கடையில் சாப்பிட நிறுத்தினோம். நான் கை கழுவிவிட்டு வந்தபோது அவர் ஜீப் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைக் கைமுனையில் கறுப்பாக ஒரு கறை. நான் பழகின இத்தனை காலத்தில் அந்த மனிதர் சட்டையில் கறை பார்த்ததில்லை. கதவு கீலில் இருந்த கிரீஸ் பட்டிருக்கும் என்று நினைத்தேன். கதவு மேல்கூட எனக்குச் சந்தேகம் வந்தது, பாருங்கள். பக்கத்தில் நின்ற ஆள் மேல் வரவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் புகை வர ஆரம்பித்தது. நீலப் புகை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து, எங்களைத் தாண்டிப் போகும்போது கையை ஆட்டி ஏதோ சொன்னான். கண்ணாடியில் பார்த்தால் நாங்கள் வந்த வழியே தெரியவில்லை.

“அடுப்பு மாதிரி புகையுதே” என்றாள் என் வீட்டுக்காரி.

“மேடு” என்றேன். ரோடு சமமாகத்தான் இருந்தது.

மேட்டு நிலத்துக்கு ஏறுகிற ரோட்டின் அடிவாரத்தில் ஒரு லாட்ஜ் உண்டு. அங்கேதான் இரண்டாம் இரவு தங்குவது வழக்கம். அடுத்த நாள் காலையில் ஏற வேண்டிய ரோடு மோசமானது. தார் கிடையாது, உருளைக்கல்லும் வளைவும்தான். நல்ல எஞ்சினே அங்கே மூச்சு வாங்கும். வண்டியை நிறுத்தி, ஆற விட்டு, குச்சியை உருவினேன். மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலம். எஞ்சினுக்கு அடியில் மண்ணில் ஆயில் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிரே சுவரில் பெரிய எழுத்தில் இழுவை லாரிக்காரனின் போன் நம்பர். எனக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

அறையில் வீட்டுக்காரியிடம் சொன்னேன். “எஞ்சின் போச்சு. நாளைக்கு ஏறாது. காலையில அந்த லாரிக்காரனைக் கூப்பிடப் போறேன்.”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு தேய்த்தாள்.

“சரி, விடுங்க” என்றாள். “நல்லாத்தான் ஓடுச்சு இத்தனை வருஷம். வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்தா ரோடு தெரியும். அதுவும் ஒரு பொழுதுதான்.”

இதை அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் ஏதாவது அதட்டியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆயில் கூடுகிறது என்று அந்த நேரத்தில் அவளிடம் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. எஞ்சின் விவகாரம் இவளுக்கு என்ன புரியும் என்று நினைத்தேன்.

விடிந்ததும், லாரிக்காரனுக்குப் போன் போடுவதற்கு முன்னால் வண்டியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வெளியே வந்தேன். போனட் திறந்திருந்தது.

சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். தையல்காரர்கள் அளவு வெட்டி வைத்திருப்பார்களே, அந்தக் காக்கித் தாளைப் புனலாகச் சுருட்டி, ஆயில் ஊற்றுகிற வாயில் பதமாக வைத்து, ஒரு டம்ளரிலிருந்து ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். காலடியில் துண்டு, அதன் மேல் ஒரு ஆயில் டப்பா. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

“சம்பந்தி” என்றேன்.

அவர் உடம்பு தூக்கிப் போட்டது. கை மட்டும் ஆடவில்லை. “ஒரு நிமிஷம். பாதியில எடுத்தா சிந்திடும்” என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, இது என் மகள் வேலை என்பதுதான். மாமனாரும் மருமகளும் சேர்ந்து வண்டியை ஒழித்துக்கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

“யாரு சொல்லி இதைச் செய்யறீங்க? என் பொண்ணா?”

“மருமகளா? அவ எதுக்குச் சொல்லணும்? அவளுக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்?”

“டப்பாவைக் குடுங்க.”

வாங்கி முகர்ந்தேன். விரலில் விட்டுத் தேய்த்தேன். நல்ல எஞ்சின் ஆயில். நான் ஊற்றுகிற அதே ரகம்.

“கடைக்காரர்கிட்ட வண்டியைக் காட்டித்தான் வாங்கினேன்” என்றார்.

“எவ்வளவு ஊத்தினீங்க?”

“இன்னைக்கா, மொத்தமாவா?”

அதைக் கேட்டதும் முன் பம்பரில் உட்கார்ந்தேன்.

“கோவிச்சுக்காதீங்க, சம்பந்தி. மாசக்கணக்குல ஒரு தடவைன்னு நீங்க சொன்னீங்க. எனக்கு மனசு கேக்கல. இவ்வளவு தூரம் நம்ம மூணு பேரையும் சுமந்துக்கிட்டு வருது. துணி தைக்கற மெஷினுக்கே காலையில உட்காரும் முன்னாடி நாலு சொட்டு விடுவேன். இந்த யானைக்கு ஒரு டம்ளராவது வேணாமா?”

“காலையில மட்டுமா?”

“காலையில ஒன்னு. நீங்க கை கழுவப் போறப்ப ஒன்னு. டீக்கு நிறுத்தறப்ப ஒன்னு.” கொஞ்சம் யோசித்தார். “பின்பக்கம் போயிட்டு வர நேரமானா இன்னொன்னு.”

நான் சிரித்தேன். வயிறு குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தண்ணீர் இல்லை, டீசல் இல்லை, ஓட்டை இல்லை. என் எஞ்சினுக்கு ஒரு வியாதியும் இல்லை. உபசாரம் தாங்காமல் திணறிப் புகைந்து, மிச்சத்தைக் கீழே கக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

“திட்டறதுன்னா திட்டிடுங்க” என்றார் சம்பந்தி. “நீங்க சிரிச்சா எனக்கு பயமா இருக்கு.”

அந்தச் சத்தத்துக்கு என் வீட்டுக்காரி கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “என்ன அண்ணா, இன்னைக்கு சீக்கிரமே ஊத்திட்டீங்களா?” என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். “உனக்குத் தெரியுமா?”

“தினம் பாக்கறேனே. நீங்க சொல்லித்தான் செய்யறாருன்னு நினைச்சேன். உங்களைக் கேக்காம போனட்டைத் தொட யாருக்குத் தைரியம் வரும்?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எஞ்சின் போச்சுன்னு மட்டும் சொல்லிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க. நான் என்னத்தைச் சொல்ல?”

கூடுதல் ஆயிலை இறக்கியாக வேண்டும். அப்படியே ஏறினால் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்துத் தறிகெட்டு ஓடும், சாவியை அணைத்தாலும் நிற்காது. லாட்ஜ்காரனிடம் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக்கொண்டு நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். எஞ்சினின் அடியில் ஒரு போல்ட் உண்டு. அதைக் கழற்றினால் ஆயில் கொட்டும். தேவையான அளவு கொட்டினதும், கொட்டிக்கொண்டிருக்கும்போதே திரும்ப மாட்டிவிட வேண்டும். இல்லையென்றால் மொத்த ஆயிலும் தொட்டிக்குப் போகும்.

கழற்றுவது சுலபமாக முடிந்தது. மாட்டத்தான் முடியவில்லை. கறுப்பு ஆயில் கை மேல் ஊற்றுகிறது, கண்ணுக்குத் துளை தெரியவில்லை, போல்ட் வழுக்குகிறது. மரை பிடிக்கிற மாதிரி இருக்கும், கோணலாகத் திரும்பும். கோணலாக ஒரு சுற்று ஏற்றிவிட்டால் மரை செத்துவிடும், பிறகு உண்மையாகவே லாரிதான். என் விரல்கள் அந்தக் காலத்து விரல்கள் இல்லை. தொட்டியில் ஆயில் ஏறிக்கொண்டே இருந்தது.

“தள்ளுங்க” என்று ஒரு குரல். சம்பந்தி வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் மண்ணில் ஊர்ந்து வந்தார்.

“உங்களுக்கு இது தெரியாது.”

“குடுங்களேன்.”

கொடுத்தேன். வேறு வழியில்லை. அவர் துளையைப் பார்க்கவே இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு விரலால் துளையின் வாயைத் தடவி, போல்ட்டை முதலில் இடது பக்கமாகக் கால் சுற்று சுற்றினார். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு வலது பக்கம். போல்ட் வெண்ணெயில் போகிற மாதிரி ஏறியது. ஆயில் நின்றது.

“எப்படி?” என்றேன்.

“அடிநூல் சுத்தின பாபின் கேஸ் மாட்டற மாதிரிதான். மெஷின் தட்டுக்கு அடியில, குனிஞ்சு பார்க்காம மாட்டணும். கஸ்டமர் கதை சொல்லிக்கிட்டு இருப்பாரு, நாம அவரு முகத்தைப் பார்த்துக்கிட்டே மாட்டுவோம்.”

நான் ஸ்பேனரால் போல்ட்டை இறுக்கினேன். சரியாகத்தான் ஏறியிருக்கிறதா என்று இரண்டு தடவை சோதித்தேன். சரியாகத்தான் இருந்தது. அவர் சட்டை காலர் முதல் கைமுனை வரை கறுப்பு. என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, “அண்ணா, இப்பத்தான் நீங்க எங்க வீட்டுச் சம்பந்தி மாதிரி இருக்கீங்க” என்றாள்.

குச்சியை உருவிப் பார்த்தோம். மூன்று பேரும் தலையை நீட்டிக்கொண்டு. ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில்.

ஏற்றத்தில் நாலு சக்கரத்துக்கும் கியர் போட்டு மெதுவாக ஏறினேன். முதலில் புகை நிற்கவில்லை. ஏற்கெனவே உள்ளே போன ஆயில் எரிய வேண்டுமே. கிளட்ச்சில் ஆயில் ஊறி வழுக்குமோ என்று வேறு பயம். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியைப் பார்த்தேன். கெட்டியாக வந்த நீலம் மெல்லிசானது. பிறகு விட்டு விட்டு வந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, குறுகலான ஒரு வளைவு தாண்டிப் பார்த்தேன். கண்ணாடியில் ரோடு தெரிந்தது. நாங்கள் ஏறி வந்த வளைவுகள் எல்லாம், கீழே லாட்ஜின் தகரக் கூரை வரைக்கும், பளிச்சென்று தெரிந்தன. ஸ்டீயரிங்கை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது கையைத் தளர்த்தினபோதுதான் தெரிந்தது. விரல்கள் நிமிர மறுத்தன.

“மூஞ்சி பழையபடி ஆயிடுச்சு” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மேலே சமதரை. காற்று அடித்தது. அவள் திரும்ப ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். காற்றாடி, தண்ணீர்த் தொட்டி, ஒற்றையாக நிற்கிற மாடு. நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதை விட்டுவிட்டு அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

மகள் வாசலிலேயே நின்றாள். வா என்றுகூடச் சொல்லவில்லை. “எங்கேயாவது நின்னுச்சா?” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார். “எல்லாம் என்னாலதாம்மா” என்று ஆரம்பித்து, டம்ளர், காக்கித் தாள், புகை, லாட்ஜ், போல்ட் என்று ஒன்று விடாமல் கொட்டினார். எல்லாரையும் நம்புகிறவர்களோடு பயணம் போனால் இதுதான் தொல்லை. எதையும் மறைக்கத் தெரியாது.

மகள் முழுவதும் கேட்டாள். மாமனாரின் கறுத்த சட்டையைப் பார்த்தாள். பிறகு நேராக ஜீப்பிடம் போய்ப் போனட்டைத் திறந்து, குச்சியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“சூடா இருக்கறப்ப பார்த்தா அளவு சரியா தெரியாது” என்றேன்.

“தெரியும்ப்பா. காலையில ஆறினப்புறம் இன்னொரு தடவை பாக்கறேன்.” குச்சியைச் சொருகினாள். “இழுத்துக்கிட்டு வரலைல?”

“இல்ல” என்றாள் அவள் அம்மா முன்சீட்டிலிருந்து. “ஏறி வந்தோம்.” சொல்லிக்கொண்டே நீட்டின காலை வெளியே திருப்பி, சீட்டிலிருந்து வழுக்கி இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் நின்றாள். மகள் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். வண்டியையும் பார்த்தாள்.

“சரி, இருக்கட்டும்” என்றாள். “ஃபேன் பெல்ட்டை மட்டும் நான் வாங்கித் தரேன். நீங்க வாங்காதீங்க.”

அங்கே இருந்த நாட்களில் சம்பந்திக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். கதவு கீல், பூட்டு, ஜன்னல் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் தினம் காலையில் ஒரு சொட்டு, அவருடைய மெஷின் எண்ணெய்தான். போனட் பக்கம் மட்டும் போகக் கூடாது. டம்ளரை என் மகள் சமையலறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவர் தினமும் சுத்தமான வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சின்ன மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பியோடு வண்டியைச் சுற்றி வருவார். கதவுகளைத் திறந்து மூடிக் காதைக் கொடுத்துக் கேட்பார்.

கிளம்புகிற அன்று காலையில் குச்சியைப் பார்த்தேன். நடுவில் இருந்தது. வீட்டுக்காரி ஏறி உட்கார்ந்தாள். பைகளைப் பின்னால் வைத்துவிட்டு, வழக்கம்போல இரண்டு தடவை அடிக்கக் கையை ஓங்கினேன். பின்கதவு முதல் அடியிலேயே சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

வண்டியை எடுத்து, தெருமுனை வரைக்கும் போய், நிறுத்திவிட்டு இறங்கினேன்.

“என்னங்க?”

“ஒன்னுமில்ல.”

பின்னால் போய்க் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.